ஏவலும் இரத்தலும்: ஆங்கில உரையாடல் நூல்கள் பற்றி ஓர் ஆராய்ச்சி

நம்மவர் இல்லங்களில் காணப்பெறும் நூல்களுள், பலராலும் புரட்டப்பெற்றும் நம் பத்திரிகைகளில் மதிப்புரை பெறாத ஓரினம் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ புத்தகம் விற்குமிடத்தில் நுழைவோர், சோதிட நூல்களுக்கும் சமையல் நூல்களுக்கும் இடையே அவ்வினத்தைக் காணலாம். முப்பது நாளில் ஆங்கிலம், அறுபது நாளில் ஆங்கிலம், ஆசிரியரின்றி ஆங்கிலம் என்று பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே. தில்லியிலிருந்து இந்திய மொழிகள் பலவற்றின் வாயிலாக வெளிவந்த ‘ராபிடெக்ஸ்’ நூலுக்குக் கிரிக்கெட் வீரர் கபில் தேவே விளம்பரத்தில் நின்றார் எனின், இவ்வினத்தின் செல்வாக்கை வேறு கூற வேண்டுவதில்லை.

கவிதையையும் கதையையும் ஆராய்வோர் இந்நூல்களைத் தீண்டுவதில்லை. இவை இலக்கியமல்ல என்பது அவர்கள் கருத்துப் போலும். நாம் அங்ஙனம் கருதவில்லை. ஒரு நூலில் இருவர் நின்று பேசினால் அது நாடகமாகும். அந்நாடகத்தில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எதற்காகப் பேசுகிறார் என்று வினவுதல் விமர்சகனின் கடன். அன்றியும், வேறெந்த நாடகத்தையும் பார்த்துவிட்டு எழுந்துபோகின்ற நம் மக்கள், இதனை மட்டும் மனப்பாடஞ் செய்து தம் வாயால் மீண்டும் நடிக்கின்றனர். ஆதலின் இதனை ஆராய்தல் ஏனையவற்றினும் அவசரமானது.

முதலில் அரங்கத்தைக் காண்போம். இந்நூல்களிற் பெரும்பாலானவை சென்னையில் அச்சிடப்பெற்றவை. ஆகவே உரையாடல்களும் அவ்வூர்க் காட்சிகளாகவே அமைகின்றன. புகைவண்டி நிலையத்தில் ஒருவர், தையற்கடையில் ஒருவர், தபாற் கந்தோரில் ஒருவர், வேலைக்காரனிடம் வெந்நீர் கேட்கும் ஒருவர். இக்கடைசிக் காட்சியைப் பன்முறை படித்து நாம் வியந்ததுண்டு. காப்பாரிலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைக்கு விடியுமுன் பஸ்ஸேறும் பெண்ணுக்கு எந்த வேலைக்காரன் வெந்நீர் வைக்கிறான்? வெந்நீர் கேட்பவனாக இல்லாத இடங்களில் நூலின் தலைவன் மனுக்கொடுப்பவனாக மாறிவிடுகிறான். விடுமுறை தரவேண்டுமென்று கெஞ்சுகிறான். வேலை தரவேண்டுமென்று இறைஞ்சுகிறான். தந்தால் என்றென்றும் நன்றியுடையவனாயிருப்பேன் என்கிறான். ஏவல் ஒருபுறம், இரத்தல் மற்றொருபுறம்; இரண்டுக்கும் நடுவே ஒத்தவர் இருவர் நின்று பேசும் காட்சியைத் தேடிக் களைத்தோம்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? உரையாடல் வாயிலாக மொழி கற்பித்தல் என்னும் கலை நம்மிடையே இரு திசைகளில் நடந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நாம் துரையின் மொழியைக் கற்க நூல் தேடியதைப் போலவே, துரையும் நம் மொழியைக் கற்க நூல் தேடினான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கொழும்பில் ஃபெர்குசன் என்பார் சின்னத்துரைமாருக்கென ஒரு கைந்நூல் வெளியிட்டார். அதன் பெயர் ‘இங்கே வா’. பெயரே ஏவல் வினைமுற்று! 1915-இல் வெல்ஸ் என்பாருடைய ‘கூலித் தமிழ்’ அதே நகரில் வெளிவந்தது. இரப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் தமிழ் எதுவோ அதனைத் துரைமார்க்குக் கற்பிப்பதே தன் நோக்கமென அந்நூல் தலைப்பிலேயே கூறிக்கொண்டது. மலாயாவிலும் பல கம்பெனிகளில் இளந்துரைமார் தமிழ் கற்றுத் தேர்வில் தேறினாலன்றி வேலையில் நிலைபெறுதல் அரிதாயிருந்தது.

தமிழைப் பிறர் கற்றனர் என்று இதற்காக மகிழ்வோர் நம்முள் உளர். எத்தகைய தமிழ் என்பதன்றோ கேள்வி? பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடவும், மரத்தை ஆழ வெட்டினாய் என்று அதட்டவும், பாலைக் கொண்டுவா என்று ஏவவும் போதிய தமிழே அது. கேட்டுக்கொள்ளும் தமிழோ, விளக்கஞ் சொல்லும் தமிழோ, மன்னிப்புக் கோரும் தமிழோ அதற்கு வேண்டியிருக்கவில்லை. எனவே துரையின் கைந்நூலும் நம் முப்பது நாள் நூலும் ஒரே நாடகத்தின் இரு பாத்திரங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட இரு வசன ஏடுகள் என்பது எம் துணிபு. ஒருவன் ஏட்டில் ஏவல் நிறைந்திருக்கும். மற்றவன் ஏட்டில் ‘எஸ் சார்’ நிறைந்திருக்கும். துரை போய்விட்டான், நம் கையிலுள்ள ஏடு மட்டும் பதிப்புமேற் பதிப்பாக வந்துகொண்டேயிருக்கிறது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது விடுத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும், கள்ளுக்கடை மூடுதலும் இருந்தன. அவற்றோடு, துரையையும் கிராணியையும் எதிர்ப்படும்போது சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒன்று. கூலியைப் பற்றிப் பேசுமிடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று அன்று நகைத்தோர் இருந்திருக்கலாம். ஆயின் அக்கோரிக்கையை எழுதியோர், உரையாடல் என்பது இருவரும் ஒரே உயரத்தில் நின்றால்தான் நிகழும் என்பதை நன்கறிந்திருந்தனர். நம் உரையாடல் நூலாசிரியர்களோ இன்னும் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றே பேசக் கற்பிக்கின்றனர்.

நிற்க. இம்மொழியை நம்மவர் எங்ஙனம் பெற்றனர், எங்ஙனம் இழந்தனர் என்பதையும் சுருங்கக் கூறுவாம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. அப்பள்ளி தமிழ்ப் பள்ளி. ஆயாக்கொட்டகைக்கு அருகே ஓர் அறையில் அது நடந்த தோட்டங்கள் பல. ஆங்கிலப் பள்ளியோ பட்டணத்தில் இருந்தது. அதற்குச் சம்பளமும் வழிச்செலவும் வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில், இன்று இடிபட்டுப்போன நூறு குவார்ட்டர்ஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும், இரயில்வேயிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் ஊழியம் புரிந்த யாழ்ப்பாணத்தவர் உள்ளிட்ட குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்தம் பிள்ளைகள் ஆங்கிலம் பயின்றனர்; தோட்டத்துப் பிள்ளைகள் பயிலவில்லை. இதனால் தமிழருக்கும் வெள்ளையருக்கும் இடையே பாலமாக வந்த ஆங்கிலம், தமிழருக்கும் தமிழருக்கும் இடையே வேலியாக நின்றது. தமிழறிந்த கிராணி, தமிழே அறிந்த தொழிலாளியிடம் ஆங்கிலத்தில் அதட்டிய கதையை முதியோர் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். அதட்டியவரும் நம்மவரே, இதனை மறைப்பதிற் பயனில்லை.

1970-இல் முதல் வகுப்பிலிருந்து தொடங்கி, ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறின. அரசாங்க அலுவல் மலாயில் நடக்கிறது; அது ஒரு சுதந்திர நாட்டுக்கு இயல்பே. 2003-இல் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கியதும், பின்னர் 2009-இல் அதனைக் கைவிட முடிவு செய்ததும் யாவரும் அறிந்ததே. ஆயினும் தனியார் கம்பெனியின் ஒப்பந்தத்தாளும், ஆஸ்பத்திரியில் நிபுணரின் சொல்லும், வங்கியின் கடிதமும் பெரும்பாலும் ஆங்கிலத்தையே பற்றி நிற்கின்றன. பள்ளியில் பெறாததை வயது வந்தபின் பெற விழைவோரே இன்று முப்பது நாள் நூலை வாங்குகின்றனர். அவர்கள் கையில் நாம் எதனைக் கொடுக்கிறோம்?

இந்நூல்களை அளக்க மேனாட்டு அளவுகோல் தேடி நாம் அலையவில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகட்கு முன் நன்னூல் செய்த பவணந்தியார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்து வைத்தார். தமிழ்ப் பள்ளியில் இலக்கணம் படித்தோர்க்கு இப்பெயர்கள் நினைவிருக்கும். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன வினாக்கள். இவ்வாறனுள் நம் உரையாடல் நூல்கள் மாணாக்கனுக்குத் தருவன எவை? கொளல்வினா மிகுதி: விலை என்ன, டிக்கட் கிடைக்குமா, ஒருநாள் லீவு கிடைக்குமா. அறியாவினா சிறிது: வழி எது, மணி என்ன. அறிவினாவும் ஏவல்வினாவும் எதிரே நிற்கும் அதிகாரிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன.

கொடைவினாவோ, பிறர்க்கு ஒன்று தரும் பொருட்டுக் கேட்பது. ‘உட் யூ லைக் சம் டீ’ என்று வந்தவரை உபசரிப்பதும், ‘கேன் ஐ ஹெல்ப் யூ’ என்று தடுமாறி நிற்பவரை அணுகுவதும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. நம் மக்கள் ஒருவர்க்கு ஒன்று கொடுக்கக்கூடும் என்னும் நினைவே நூலாசிரியர்க்குத் தோன்றவில்லை. விருந்தோம்பலில் தமக்கு நிகரில்லை என்று மேடைதோறும் முழங்கும் ஓர் இனத்தின் உரையாடல் நூலில், விருந்தாளியை உட்காரச் சொல்ல ஒரு வாக்கியம் அகப்படவில்லை!

எல்லாவற்றினும் கொடிய குறை ஐயவினா இன்மையே. கயிறோ பாம்போ என்று ஐயுற்றுக் கேட்பது ஐயவினா என இலக்கணம் கூறும். சம்பளச் சீட்டை வாங்கியவன், இத்தொகை ஓவர்டைம் சேர்ந்ததா சேராததா என்று கேட்க வேண்டாவா? மருந்தை வாங்கியவள், இதனை உணவுக்கு முன் உண்பதா பின் உண்பதா என்று கேட்க வேண்டாவா? ‘டஸ் திஸ் இன்குலூட் ஓவர்டைம் ஆர் நாட்’ என்னும் ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தின் மாதச் செலவுக்கு எத்துணைத் துணையாகும்! ஐயுறுதல் அடங்காமை என்று கருதிய காலத்தில் எழுதப்பெற்ற நூல்களை இன்றும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

விடைக்கு வருவோம். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவுக்கு எதிர்வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன எட்டு. இவற்றுள் ‘நேர்’ என்பது உடன்பாடு. நம் நூல்களில் தலைவன் எதற்கும் நேர்கின்றான். ‘மறை’ என்பது மறுத்தல். அது மருந்துக்கும் இல்லை. வேண்டாததை வேண்டாவென்று சொல்லத் தெரியாதவன் எந்த மொழியில் எத்தனை ஆயிரம் சொற்களைக் கற்றும் பயனென்னை?

மறுத்தால் வேலை போய்விடுமே என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. அது அடுப்பெரியும் வீட்டின் அச்சம். ஆயின் முகத்தை முறிக்காமல் மறுக்கும் வழிகளைத்தான் எட்டனுள் பின்னைய ஐந்தாகப் பவணந்தியார் வைத்திருக்கிறார். மேலாளர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவாயா என்று கேட்கிறார் எனக் கொள்வோம். ‘ஐ ஹாவ் வொர்க்ட் த லாஸ்ட் த்ரீ சண்டேஸ்’ என்றால், சென்ற மூன்று ஞாயிறும் வேலை செய்திருக்கிறேன் என்பது பொருள், இஃது உற்றதுரைத்தல். ‘மை டாட்டர் வில் பி அலோன் அட் ஹோம்’ என்றால், மகள் தனியே இருக்க நேரும் என்பது; இஃது உறுவது கூறல். ‘ஐ கேன் கம் ஆன் சாட்டர்டே இன்ஸ்டெட்’ என்றால், அதற்கு ஈடாகச் சனிக்கிழமை வருவேன் என்பது, இஃது இனமொழி. மூன்றிலும் ‘நோ’ என்னும் சொல்லே இல்லை. மூன்றும் மறுப்பே. இவற்றைத் தமிழில் நம் தாய்மார் நாடோறும் கடைக்காரரிடமும் உறவினரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றனர். ஆங்கிலத்திற் சொல்லும் வகையை எழுதிக்கொடுப்பார் இல்லை.

இவற்றுள் முதல் வாக்கியத்திலேயே இலக்கணமும் அடங்கியிருத்தலைக் கவனிக்க. ‘செய்தேன்’ என்பதற்கும் ‘செய்திருக்கிறேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். ‘ஐ வொர்க்ட்’, ‘ஐ ஹாவ் வொர்க்ட்’ என்பவற்றின் வேறுபாடும் பெரும்பாலும் அஃதே. அங்ஙனமிருக்க, அட்டவணை பல போட்டுப் பன்னிரண்டு காலங்கள் என்று மிரட்டுவானேன்? தமிழைக் கொண்டு ஆங்கிலம் கற்பிக்கும் நூல் என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு, உள்ளே தமிழை வெறும் பொழிப்புரையாக வைத்திருப்பது இந்நூல்களின் பெருங்குறை.

தமிழ் துணை செய்யும் இடமும் உண்டு. தடுமாறச் செய்யும் இடமும் உண்டு. இரண்டையும் காட்டுவதன்றோ நூலின் வேலை? தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் பிரித்தார். ‘ஈ’ தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்பது. ‘தா’ ஒத்தவனிடம் கேட்பது. ‘கொடு’ உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்பது. இன்றைய பேச்சில் அப்பாகுபாடு மறைந்ததாயினும், கொடு, கொடும், கொடுங்கள் என்று ஈற்றில் மரியாதையை ஏற்றுகின்றோம். ஆங்கிலத்திலோ ‘கிவ்’ ஒன்றே. நீ, நீர், நீங்கள் எல்லாவற்றிற்கும் ‘யூ’ ஒன்றே. தமிழன் தன் மனத்துக்குள் ‘அந்தப் பாரத்தைக் கொடுங்கள்’ என்று முழு மரியாதையுடன் நினைத்து, ‘கிவ் மி த ஃபார்ம்’ என்று மொழிபெயர்க்கிறான். ‘ங்கள்’ வழியில் உதிர்ந்துவிடுகிறது. எதிரே இருப்பவர் செவியில் ‘பாரத்தைக் கொடு’ என்று விழுகிறது. முகம் சுளிக்கிறது. தான் என்ன பிழை செய்தோம் என்று இவனுக்கு விளங்குவதில்லை. பணிவுள்ளவன் முரடன் என்று பெயர் வாங்குகிறான். அதனை ஈடுசெய்ய எண்ணி வாக்கியந்தோறும் ‘சார்’ போடுகிறான். முரட்டுத்தனம் போகாமல் அடிமைத்தனம் வந்து சேர்கிறது.

ஆங்கிலேயன் தன் மரியாதையை ஆளின்மேல் வைக்கவில்லை, வினையின்மேல் வைத்தான். ‘குட் ஐ ஹாவ் த ஃபார்ம்’, ‘உட் யூ மைண்ட் வெயிட்டிங்’ என்று வினாவாக்கியும் இறந்தகால வடிவில் வைத்தும் கூற, மரியாதை தானே அமைகிறது. இதில் குனிதலும் இல்லை, நிமிர்தலும் இல்லை. மேலாளர் தட்டெழுத்தரிடமும் அவ்வாறே பேசலாம். தட்டெழுத்தர் மேலாளரிடமும் அவ்வாறே பேசலாம். சாதியும் பதவியும் பார்த்து விகுதி மாற்றிப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஒருவரையும் ‘டா’ போடாமலும் ஒருவரையும் ‘ஐயா’ என்னாமலும் நாள் முழுதும் பேசக்கூடிய வழக்கம் ஒன்று உலகில் இருக்கிறது என்றறிவதே ஒரு கல்வி என்போம். இவ்வொரு செய்தியை விளக்க நான்கு பக்கம் ஒதுக்கிய நூலொன்று எம் கைக்கு இன்னும் எட்டவில்லை.

இன்னொன்று: வாக்கிய ஈற்றில் நாம் ‘அல்லவா’ என்கிறோம். வந்தானல்லவா, வருவாளல்லவா, சாப்பிட்டீர்களல்லவா என எவ்விடத்தும் ‘அல்லவா’ ஒன்றே. இதனால் ஆங்கிலத்திலும் எல்லாவற்றின் ஈற்றிலும் ‘இஸின்ட் இட்’ ஒட்டுகிறோம். அங்கே வினைக்கு ஏற்ப வால் மாறும். ஒரு பக்கத்தில் இதனைத் தெளிவாக்கிவிடலாம்.

மரபுத்தொடர் விஷயத்தில் நூலாசிரியர்கள் காட்டும் ஊக்கம் நகைப்புக்கு இடமானது. பூனையும் நாயுமாக மழை பெய்தல் என்னும் ஆங்கிலத் தொடர் இல்லாத நூலே இல்லை. நாமும் இவ்வூரில் எத்தனையோ மழையைக் கண்டுவிட்டோம். கிள்ளான் ஆறு கரைபுரண்டதையும் கண்டுவிட்டோம். ஒருவரும் அத்தொடரை வாய்விட்டுச் சொல்லக் கேட்டதில்லை. பாகற்காய்க்கும் புடலங்காய்க்கும் ஆங்கிலப் பெயர்களை வரிசையாகத் தருகின்றனர். ஆங்கிலமே பேசும் மேலாளருக்கும் அப்பெயர்கள் தெரிந்திரா.

ஆனால் வாழ்வைக் கவிழ்க்கும் தொடர்கள் சில உண்டு. அவற்றை எந்த நூலும் எடுத்துரைப்பதில்லை. ‘வி ஆர் லெட்டிங் யூ கோ’ என்று ஒருவர் இனிய முகத்துடன் கூறினால், இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்கிறார் என்றே சொல்லுக்குச் சொல் பொருள் கொள்பவன் எண்ணுவான். உன்னை வேலையிலிருந்து நீக்குகிறோம் என்பதே அதன் பொருள். ‘வி வில் லுக் இன்ட்டு இட்’ என்பது ‘பார்ப்போம்’ என்பதைப் போன்றது. நம் ‘பார்ப்போ’மும் பாதி நாளில் மறுப்புத்தானே என்று வாசகர் சிரிக்கலாம், ஆம், அவ்வளவில் இரு மொழியாரும் உறவினரே. ‘எக்ஸ் கிரேஷியா’ என்னும் இலத்தீன் தொடர், உரிமையால் தருவதன்று, கருணையால் தருவது என்னும் பொருளது. 1980-களிலும் 1990-களிலும் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்பு நகரங்களாக மாறிய காலத்தில் இத்தொடரின் பொருளறியாதவர், தமக்கு உரியதும் இதுவே என்று கருதிக் கையொப்பமிட எவ்வளவு எளிது! கருணைக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் சிறிதன்று. 1980-ஆம் ஆண்டின் வேலைநீக்கப் பயன் விதிகள், 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்து ஆட்குறைப்பில் நீக்கப்படுவோர்க்கு ஆண்டொன்றுக்கு 20 நாட் சம்பளத்திற்குக் குறையாமல் தரவேண்டும் என்கின்றன. அது கருணையன்று. கடிதத்தின் தலையில் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்றிருப்பின், இதில் எழுதியதைக் கொண்டு வழக்கில் எம்மைப் பிணிக்க முடியாது என்று எழுதியவர் முன்னரே வேலி கட்டிக்கொள்கிறார் என்று பொருள். பூனை நாய்களுக்குக் கொடுத்த பக்கத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுத்திருக்கலாகாதா?

இந்நாட்டில் வழங்கும் ஆங்கிலம் பற்றியும் ஒரு சொல். ‘கேன்’, ‘வேர் காட்’ என்று சுருக்கி, ஈற்றில் ‘லா’ சேர்த்துப் பேசும் பேச்சு, மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் சந்தையிலும் தொழிற்சாலையிலும் கூடிச் சமைத்த பேச்சு. விளக்கைத் ‘திற’ என்பதும், உடன் செல்வதை எல்லாம் ‘ஃபாலோ’ என்பதும் அவ்வழக்கே. இதனைக் கேட்டு வெட்கப்படுவோரும் உளர். இதுவே போதும் என்போரும் உளர். அண்டைவீட்டாரிடம் இதனைப் பேசுவதில் இழிவொன்றுமில்லை. மேற்கூறிய கடிதத்துக்கு விடையெழுத இது உதவாது. இவ்வளவே எம் கருத்து. ஒன்று மட்டும் கூறுவோம்: மலாயில் ‘பிஞ்சாம்’ என்பது இரவல் வாங்குதல், இரவல் கொடுத்தல் இரண்டுக்கும் பொது. அதனால் ‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டையும் இங்கு மயங்கப் பேசுகின்றனர். வாங்குவதும் கொடுப்பதும் வேறென்று தமிழ் தெளிவாகக் கூறுகையில், தமிழன் ஏன் மயங்கவேண்டும்?

உரையாடலால் மொழி கற்பித்தல் நன்றா என்பதே உலகில் ஒரு காலத்தில் பெரிய வழக்காயிருந்தது. ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கிலேயர் 1921-இல் வாய்மொழி முறையை வற்புறுத்தி நூலெழுதினார். ஆக்டன் என்பார் 1930-இல் 850 சொற்களால் ஆன அடிப்படை ஆங்கிலம் ஒன்றை வகுத்தார். வங்காளத்தில் ஆசிரியப் பணி புரிந்த மைக்கேல் வெஸ்டோ, ஏழைப் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது பேச்சன்று, படிப்பே என்று 1926-இல் வாதித்தார். அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். இன்ஷூரன்ஸ் பாலிசியை நடுவில் நிறுத்தினால், கட்டிய அளவுக்கு ஏதேனும் திரும்பக் கிடைக்கும் அல்லவா? அதுபோல் பாடத்தைப் பாதியில் விடும் மாணவனுக்குக் கையில் என்ன மிஞ்சும்?

வெஸ்டின் முடிவை நாம் முழுதும் ஏற்கவில்லை. பிள்ளைக்குப் படிப்பு முதலாவதாகலாம். நாளைக் காலை மேலாளர் முன் நிற்கவேண்டிய நாற்பது வயதுக்காரனுக்குப் பேச்சே முதல். ஆனால் அவர் கேள்வி பொன்னானது. முப்பது நாள் நூலை வாங்கியோரில் முப்பதாம் நாளைக் கண்டவர் யாரென்று வாசகர் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ளலாம். மழையும் ஓவர்டைமும் பிள்ளையின் காய்ச்சலும் பத்தாம் நாளுக்குள் புத்தகத்தை அலமாரியில் ஏற்றிவிடும். அந்தப் பத்து நாளில் அவர் பெற்றது எழுத்துகளும், ‘இது பூனை, அது எலி’யும், காய்கறிப் பெயர்களும். பத்து நாளில் நின்றாலும் பயன்படவேண்டுமெனின், முதற்பக்கத்தில் இருக்கவேண்டியவை வேறு. எனக்கு விளங்கவில்லை, மெதுவாக இன்னொருமுறை சொல்ல இயலுமா? ‘ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட். குட் யூ சே தட் அகெய்ன் ஸ்லோலி?’ கையொப்பமிடுமுன் படிக்க விரும்புகிறேன். ‘ஐ உட் லைக் டு ரீட் இட் பிஃபோர் ஐ சைன்.’ அதனை எழுத்தில் தர இயலுமா? ‘குட் யூ புட் தட் இன் ரைட்டிங்?’ இம்மூன்றையும் முதல் நாளிலேயே தரும் நூலாசிரியர் ஒருவர் தோன்றினால், பின்னுள்ள இருபத்தொன்பது நாளையும் அவர் எப்படி எழுதினாலும் பொறுப்போம்.

முடிவாக முறை பற்றி. உரையாடலுக்கு இருவர் வேண்டும். தனியே அறையில் அமர்ந்து இருவர் வசனத்தையும் ஒருவரே முணுமுணுப்பது செபமாகலாம், உரையாடலாகாது. கணவனும் மனைவியுமோ, ஒரே ஷிப்டில் வேலை செய்யும் இருவரோ சேர்ந்து பயிலட்டும். மாணவர் விடுதிகளிலும் கோவில் மண்டபங்களிலும் மாலை வகுப்பு நடத்துவோர், கரும்பலகையை ஒருபுறம் வைத்துவிட்டு மாணவரை எதிரெதிரே நிறுத்தட்டும். ஆனால் நூலில் உள்ளபடி ஒருவரே எப்போதும் மேலாளராகவும் மற்றவரே எப்போதும் இரப்பவராகவும் இருத்தலாகாது. ‘இங்கே வா’ முதல் இன்றைய முப்பது நாள் வரை எந்நூலிலும் பாத்திரங்கள் இடம் மாறியதேயில்லை என்பதை நாம் மேலே கண்டோம். கிள்ளானில் கொம்யூட்டர் வண்டி ஏறுவோர்க்குக் கோலாலம்பூர் சென்ட்ரல் வந்துசேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் இருவர் அமர்ந்தால், ஷா ஆலம் வரை ஒருவர் மேலாளராயிருந்து, ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று கேட்கட்டும். மற்றவர் எட்டு விடையையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கட்டும். சுபாங் ஜெயா வந்ததும் இடத்தை மாற்றிக்கொள்ளட்டும்.